எலக்ட்ரானுக்கு மூத்த எண்

இரும்புத் தாதுவில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று அளக்க 1846-இல் ஃப்ரெதெரிக் மார்கெரித் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் ஒரு புது வழி சொன்னார். தாதுவை அமிலத்தில் கரைத்து, அதிலுள்ள இரும்பு முழுவதையும் ஃபெரஸ் நிலைக்குக் கொண்டுவந்து, அதன்மேல் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். ஊதா நிறத்தோடு விழும் துளி, விழுந்த இடத்திலேயே வெளுத்துப் போகும். இரும்பு தீர்ந்ததும் விழுகிற அடுத்த துளி வெளுக்காது. குடுவை முழுவதும் மெல்லிய இளஞ்சிவப்பு பரவி நிற்கும். அங்கே நிறுத்தி, எவ்வளவு கரைசல் செலவாயிற்று என்று பார்த்தால் இரும்பின் அளவு கிடைத்துவிடும். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறையில் தரம்பார்த்தல் செய்தவர்களுக்கு இது பழகிய காட்சிதான். கரைசல் அடர்நிறமாக இருப்பதால் பியூரெட்டில் கீழ்வளைவைப் பார்க்க முடியாது, மேல்விளிம்பைத்தான் படிக்க வேண்டும் என்று ஆசிரியர் சொன்னதும் நினைவிருக்கலாம். மார்கெரித்தின் பெயரைத்தான் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தக் குடுவையில் நடப்பதை இன்றைய பாடநூல் இப்படி விளக்கும்: பெர்மாங்கனேட்டில் மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண் +7, வினை முடிந்தபின் +2, ஆகவே ஒரு மாங்கனீசு ஐந்து எலக்ட்ரான்களை வாங்குகிறது. இரும்பு +2-லிருந்து +3-க்குப் போகையில் ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கிறது. எனவே ஒரு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து இரும்பு. விளக்கத்தில் குறையில்லை. ஆனால் 1846-இல் எலக்ட்ரான் என்று ஒன்று உண்டு என்பதே யாருக்கும் தெரியாது, ஜே.ஜே. தாம்சன் அதைக் கண்டறிய இன்னும் 51 ஆண்டுகள் இருந்தன. அப்படியிருந்தும் ஒன்றுக்கு ஐந்து என்ற கணக்கு அன்றைய வேதியியலுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பெர்மாங்கனேட்டின் அமிலப் பகுதியில் இரண்டு மாங்கனீசுக்கு ஏழு ஆக்சிஜன் என்பதை ஜெர்மானியரான மிட்ஷர்லிஷ் 1830-களின் தொடக்கத்திலேயே காட்டியிருந்தார். வினையின் முடிவில் மாங்கனீசு ஒன்றுக்கு ஓர் ஆக்சிஜன் என்ற தாழ்ந்த ஆக்சைடாக அமிலத்தில் கிடக்கிறது. ஏழில் இரண்டு போக ஐந்து ஆக்சிஜன் கைமாறுகிறது. ஃபெரஸ் ஆக்சைடில் ஓர் இரும்புக்கு ஓர் ஆக்சிஜன். ஃபெரிக் ஆக்சைடில் இரண்டு இரும்புக்கு மூன்று. அதாவது ஓர் ஆக்சிஜன் இரண்டு இரும்பை மேலே ஏற்றும். ஐந்து ஆக்சிஜன் பத்து இரும்பை ஏற்றும். இரண்டு மாங்கனீசுக்குப் பத்து இரும்பு, ஒன்றுக்கு ஐந்து. எலக்ட்ரான் என்ற சொல்லே வராமல் கணக்கு நேராகிவிட்டது.

இந்தத் தொடரில் இதுவரை பார்த்த கருத்துகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு பொருளையோ பண்பையோ கண்டுபிடித்ததில் பிறந்தவை. ஆக்சிஜனேற்ற எண்ணின் பிறப்பு வேறு விதம். அது ஒரு பேரேட்டில் பிறந்தது. முதலில் அந்தப் பேரேட்டில் ஆக்சிஜனை எழுதினார்கள். பிறகு பிணைப்பை எழுதினார்கள். கடைசியில் எலக்ட்ரானை எழுதினார்கள். அலகு மாறியபோதெல்லாம் தொகை மாறவே இல்லை. பாடநூல்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, எலக்ட்ரானில் தொடங்கி எண்ணுக்கு வருகின்றன. அதனால்தான் பெர்மாங்கனேட்டில் மாங்கனீசு உண்மையிலேயே ஏழு எலக்ட்ரான்களை இழந்துவிட்டு நிற்கிறது என்ற எண்ணம் மாணவர் மனத்தில் அழுத்தமாகப் பதிந்துவிடுகிறது. அந்த எண்ணம் தவறு என்பதும், தவறாக இருந்தும் கணக்கு ஏன் பொய்ப்பதில்லை என்பதும்தான் இந்த அத்தியாயத்தின் வழக்கு.

லவாய்சியே, கீத்தோன் த மொர்வோ, பெர்தொலே, ஃபூர்க்ருவா ஆகிய நால்வரும் 1787-இல் வெளியிட்ட பெயரிடும் முறையைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். கந்தகத்தோடு குறைந்த ஆக்சிஜன் சேர்ந்தால் சல்ஃபியூரஸ், கூடுதலாகச் சேர்ந்தால் சல்ஃபியூரிக். அவற்றின் உப்புகள் சல்ஃபைட், சல்ஃபேட். பெயரின் வாலே ஆக்சிஜனேற்றத்தின் படியைச் சொல்லிவிடும். ஆனால் படி என்று சொல்ல வேண்டுமானால் ஆக்சிஜன் படிப்படியாகத்தான் சேர வேண்டும். சரிவுப் பாதையில் ஏறுவதுபோல் எந்த அளவிலும் நின்றுவிடக் கூடாது. பெர்தொலே சரிவுப் பாதைதான் என்று வாதாடினார். ஸ்பெயினில் பணியாற்றிய ஜோசஃப் ப்ரூஸ்ட் மறுத்தார். வெள்ளீயத்துக்கு இரண்டு ஆக்சைடுகள் மட்டுமே உண்டு, நடுவில் கிடைப்பவையெல்லாம் அவ்விரண்டின் கலவை என்று சோதனைகளால் காட்டினார். இன்றைய எண்களில் சொன்னால், 100 கிராம் வெள்ளீயம் ஓர் ஆக்சைடில் ஏறக்குறைய 13.5 கிராம் ஆக்சிஜனையும் மற்றதில் 27 கிராமையும் ஏற்கிறது; சரியாக இரண்டு மடங்கு. ப்ரூஸ்ட் முடிவுகளைச் சதவீதத்தில் எழுதிவந்ததால் இந்த இரட்டிப்பு அவர் கண்ணில் படவில்லை. அதைக் கொள்கையாக்கிய பெருமை டால்டனுக்குப் போயிற்று. பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம் இதுதான்: தனிமங்கள் சேரும் அளவு முழு எண்களில் தாவுகிறது. அந்தத் தாவல் யாரும் வகுத்த விதி இல்லை, தராசில் கண்டது.

ஆனால் ஆக்சிஜனை அலகாக வைத்த கணக்கு நெடுநாள் தாங்கவில்லை. அமிலங்களில் எல்லாம் ஆக்சிஜன் இருக்கும் என்று லவாய்சியே நம்பியிருந்தார். கடல் உப்பிலிருந்து கிடைத்த மஞ்சள்பச்சை வாயுவில் ஆக்சிஜனே இல்லை, அது தானே ஒரு தனிமம் என்று 1810-இல் ஹம்ப்ரி டேவி அறிவித்து, அதற்குக் குளோரின் என்று பெயர் வைத்தார். அந்தக் குளோரினை ஃபெரஸ் குளோரைடின் மேல் செலுத்தினால் ஃபெரிக் குளோரைடு கிடைக்கிறது. இரும்பு ஏறிய படி ஆக்சிஜன் ஏற்றிய அதே படி. ஆனால் அங்கே ஓர் அணு ஆக்சிஜன்கூட இல்லை. ஆக்சிஜனேற்றம் என்ற நிகழ்ச்சிக்கு ஆக்சிஜன் கட்டாயமில்லை என்று ஆனபின், எதை எண்ணுவது?

1852-இல் எட்வர்ட் ஃப்ராங்க்லண்ட் ஒவ்வோர் அணுவுக்கும் சேரும் திறன் இவ்வளவு என்று ஓர் எல்லை இருப்பதைச் சுட்டிக்காட்டினார். இணைதிறன் என்று நாம் படிப்பதன் தொடக்கம் அது. இணைதிறன்தான் ஆக்சிஜனேற்ற எண் என்று இன்றும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கார்பனை எடுத்துக்கொண்டால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். மீத்தேன், மெத்தனால், ஃபார்மால்டிஹைடு, ஃபார்மிக் அமிலம், கார்பன் டையாக்சைடு ஆகிய ஐந்திலும் கார்பனின் இணைதிறன் நான்குதான். நான்கு கைகளும் எப்போதும் நிரம்பியே இருக்கின்றன. ஆனால் மீத்தேன் எரிந்து கார்பன் டையாக்சைடாவது ஆக்சிஜனேற்றம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எத்தனை கைகள் என்ற கணக்கால் அந்த ஏற்றத்தைக் காட்ட முடியாது. ஒவ்வொரு கையும் யாரைப் பிடித்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஹைட்ரஜனைப் பிடித்த கைக்கு கார்பன் கணக்கில் ஒன்று கழி, ஆக்சிஜனைப் பிடித்த கைக்கு ஒன்று கூட்டு. மீத்தேனில் −4, மெத்தனாலில் −2, ஃபார்மால்டிஹைடில் 0, ஃபார்மிக் அமிலத்தில் +2, கார்பன் டையாக்சைடில் +4. இரண்டிரண்டாக ஏறும் இந்தப் படிக்கட்டை இணைதிறனால் காட்டவே முடியாது.

இப்படிக் கூட்டல் கழித்தல் குறி போடும் யோசனையை விதியாக எழுதிவைத்தவர் யார் என்று தேடினால், வேதியியல் வரலாற்றின் பெரும்புள்ளிகள் யாரும் கிடைக்கவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பகுப்பாய்வு வேதியியல் கற்பித்த ஓட்டிஸ் கோ ஜான்சன் என்ற ஆசிரியர் வருகிறார். மாணவர்கள் சமன்பாடுகளைச் சமன் செய்யத் திணறுவதைத் தீர்க்க, 1880-இல் லண்டனின் கெமிக்கல் நியூஸ் இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். தனித்திருக்கும் தனிமத்துக்குப் பிணைப்பு சுழி, சேர்மத்தில் ஹைட்ரஜனுக்கு +1, ஆக்சிஜனுக்கு −2, ஒரு சேர்மத்தில் உள்ள எல்லாவற்றின் கூட்டுத்தொகை சுழி. இன்று பதினோராம் வகுப்பில் மனப்பாடம் செய்யும் விதிகளின் உடம்பு இதுதான். ஏன் ஆக்சிஜனுக்கு எதிர்க்குறி என்று கேட்டால் அன்று சொல்ல இயற்பியல் காரணம் எதுவும் இல்லை. இந்த ஏற்பாட்டால் கணக்கு சரியாக வந்தது, அவ்வளவுதான். கருத்து வரலாற்றில் ஆய்வகம் செய்யாத வேலையை வகுப்பறை செய்துவிடுவது அபூர்வம் அல்ல. நம் வரலாற்று நூல்கள் அதைப் பதிவு செய்வதுதான் அபூர்வம்.

இருபதாம் நூற்றாண்டில் எலக்ட்ரான் வந்து, தனக்காகவே காத்திருந்ததுபோல் இருந்த இந்தக் கணக்கில் உட்கார்ந்துகொண்டது. கூட்டல்குறி என்றால் இழந்தது, கழித்தல்குறி என்றால் பெற்றது. குறியீட்டுக்கு ஒரு பொருள் கிடைத்தது நல்லதுதான். கூடவே ஒரு மயக்கமும் வந்தது: எண்ணை அப்படியே அணுவின் மின்சுமையாக வாசிக்கும் மயக்கம்.

இந்த வாசிப்பைச் சோதிக்கப் பெர்மாங்கனேட்டை விடச் சிறந்த சாட்சி இல்லை. மாங்கனீசு அணுவிலிருந்து முதல் எலக்ட்ரானை உரிக்க 7.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். உரிக்க உரிக்க மிச்சமிருப்பவை இறுகிக்கொண்டே போகும். ஏழாவதற்கு மட்டும் 119 எலக்ட்ரான் வோல்ட் தேவை. ஏழுக்கும் சேர்த்துப் பார்த்தால் செலவு 395 எலக்ட்ரான் வோல்ட்டை எட்டுகிறது. வேதிப் பிணைப்புகள் ஒவ்வொன்றும் தரும் ஆற்றல் சில எலக்ட்ரான் வோல்ட் அளவில்தான் இருக்கும். அப்படியே உரித்துவிட்டாலும், ஏழு நேர்மின்சுமை கொண்ட ஒரு சிறு அணு நான்கு ஆக்சிஜன்களின் நடுவே அவற்றின் எலக்ட்ரான் மேகத்தை இழுக்காமல் சும்மா இருக்குமா? நிலையான மூலக்கூறுகளில் எந்த அணுவின் மெய்யான மின்சுமையும் ஏறத்தாழ +1-க்கும் −1-க்கும் இடையில் அடங்கிவிடும் என்று லைனஸ் பாலிங் 1948-இல் ஒரு கோட்பாடு சொன்னார். இன்று கணினியில் குவாண்டம் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். முறைக்கு ஒரு விடை வருகிறது, ஆனால் எந்த முறையும் ஏழுக்குப் பக்கத்தில் போவதில்லை. மாங்கனீசுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையில் எலக்ட்ரான்கள் பங்கு போடப்பட்டிருக்கின்றன. +7 என்பது, பங்கு போட்டதை மறந்துவிட்டு, ஒவ்வொரு பிணைப்பின் எலக்ட்ரான்களையும் அதிகம் இழுக்கும் ஆக்சிஜனுக்கே முழுவதும் எழுதிக் கொடுத்தால் வரும் இருப்பு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். வெறும் எழுத்துக்கணக்கு என்றால் பியூரெட் ஏன் அதற்குக் கட்டுப்படுகிறது? ஐந்து என்பது மெய்யாகவே அளக்கக் கிடைக்கிறதே. ஆம், ஐந்து மெய்தான். ஆனால் அந்த ஐந்தைப் பெற +7-உம் வேண்டாம், +2-உம் வேண்டாம். பெர்மாங்கனேட் அயனியின் மொத்த மின்சுமை −1. இதைப் பற்றி விவாதமே கிடையாது. அதன் நான்கு ஆக்சிஜன்களை நான்கு நீர் மூலக்கூறுகளாக எடுத்துச் செல்ல அமிலத்திலிருந்து எட்டு ஹைட்ரஜன் அயனிகள் வருகின்றன. வினைக்கு முன் மொத்த மின்சுமை எட்டில் ஒன்று போக +7. வினைக்குப் பின் மிஞ்சுவது நீரும், மின்சுமை +2 உள்ள மாங்கனீசு அயனியும். ஏழு எப்படி இரண்டாயிற்று? வெளியிலிருந்து ஐந்து எலக்ட்ரான்கள் வந்திருக்க வேண்டும். அணுக்கள் அழிவதில்லை, மின்சுமை அழிவதில்லை என்ற இரண்டு உண்மைகளே போதும். எந்த அணுவுக்கு எந்த எண் என்ற கேள்வியே எழவில்லை. ஆக்சிஜனேற்ற எண்களின் வேறுபாடு இயற்கை கொடுத்தது. அந்த வேறுபாட்டை இரண்டு எண்களாகப் பிரித்து ஒவ்வோர் அணுவின் பெயரிலும் பதிவது நாம் செய்த ஏற்பாடு. ஆக்சிஜனுக்கு −2 என்று பெர்மாங்கனேட்டிலும் நீரிலும் ஒரே மாதிரி எழுதிவருவதால் அது இருபுறமும் அடிபட்டுப் போய், மாற்றம் முழுவதும் உலோகத்தின் பெயரில் வந்து நிற்கிறது.

நிறத்தைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. மாங்கனீசு +2-இல் வெளிர் இளஞ்சிவப்பு, +4-இல் கரும்பழுப்பு, +6-இல் பச்சை, +7-இல் ஊதா. பச்சைக் கரைசல் ஊதாவாக மாறுவதைப் பார்த்துப் பழைய வேதியியலாளர்கள் அதைக் கனிமப் பச்சோந்தி என்றே அழைத்தார்கள். எண் மாற நிறம் மாறுகிறது, ஆகவே எண் அணுவின் மெய்யான நிலை என்பது வாதம். எண் மாறும்போது எலக்ட்ரான்களின் அமைப்பு மாறுகிறது என்பது வரை சரி. ஆனால் அந்த ஊதா எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் வாதம் திரும்பிக் கடிக்கிறது. ஒளி பட்டதும் ஆக்சிஜன் பக்கத்திலிருந்து ஓர் எலக்ட்ரான் மாங்கனீசு பக்கம் தாவுவதால்தான் அந்த நிறம். அணுவின் தனிச்சொத்தாக எண்ணப்பட்ட நிறம், இரண்டு அணுக்களின் கொடுக்கல் வாங்கலில் பிறந்திருக்கிறது.

அதற்காக எல்லா ஆக்சிஜனேற்ற எண்களும் கற்பனை என்று மறுகோடிக்கு ஓடவும் வேண்டியதில்லை. உலோக ஹைட்ரைடுகளில் ஹைட்ரஜனுக்கு −1 என்று ஒரு விதிவிலக்கு உண்டு. வழக்கமாக +1 எழுதிவந்த ஹைட்ரஜனுக்கு இங்கே மட்டும் குறியை மாற்றுவது கணக்கை நேராக்கச் செய்த தந்திரமோ என்று ஐயப்படலாம். 1920-இல் ஜெர்மனியில் கர்ட் மோயர்ஸ் லித்தியம் ஹைட்ரைடை உருக்கி மின்னாற்பகுத்துப் பார்த்தார். ஹைட்ரஜன் வழக்கமாகப் போகும் எதிர்மின்வாயை விட்டு நேர்மின்வாயில் வெளிப்பட்டது. அங்கே எண்ணும் மின்சுமையும் ஏறக்குறைய ஒன்றுதான். அயனிச் சேர்மங்களில் பேரேடு உண்மையை ஒட்டிப் போகிறது, சகப்பிணைப்பு கூடக்கூட விலகிப் போகிறது.

பின்னங்கள்தான் இந்தக் கணக்குக்குப் பெரிய தொல்லை. காந்தக்கல்லில் மூன்று இரும்புக்கு நான்கு ஆக்சிஜன். ஆக்சிஜன்களின் −8-க்கு ஈடான எட்டை மூன்றால் வகுத்தால் ஓர் இரும்புக்கு 2.67. எந்த இரும்பும் அப்படி இருப்பதில்லை, ஒன்று +2, இரண்டு +3 என்று ஆசிரியர்கள் சமாதானம் சொல்வார்கள். அது பெரும்பாலும் சரி. ஆனால் அந்த +2 எந்த அணு என்று அறை வெப்பநிலையில் சுட்டிக்காட்ட முடியாது. பக்கத்துப் பக்கத்து இரும்புகளுக்கிடையே எலக்ட்ரான் அவ்வளவு வேகமாகத் தாவுகிறது. ஏறத்தாழ 120 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால் மின்கடத்தும் திறன் சட்டென்று விழுகிறது. தாவல் உறைந்துவிடுகிறது என்று 1939-இல் டச்சுக்காரரான வெர்வே விளக்கம் சொன்னார். அந்த விளக்கத்தை முழுமையாக்கும் ஆராய்ச்சி அதன்பின் பல பத்தாண்டுகள் நீண்டது. புகைப்படக்காரர்களின் ஹைப்போவில் இன்னொரு விதமான சிக்கல். தயோசல்ஃபேட் அயனியின் இரண்டு கந்தகங்களுக்கும் சராசரி +2. கதிரியக்கக் கந்தகத்தைச் சல்ஃபைட்டோடு சேர்த்து தயோசல்ஃபேட் தயாரித்து, பிறகு அமிலம் விட்டுச் சிதைத்தால், சேர்த்த கதிரியக்கக் கந்தகம் அப்படியே தனியாக வீழ்படிகிறது. ஆக இரண்டும் ஒன்றல்ல என்பது நிச்சயம். சரி, எதற்கு எவ்வளவு? +6, −2 என்பார்கள் சிலர். +5, −1 என்பார்கள் சிலர். +4, 0 என்றும் ஒரு கட்சி உண்டு. எல்லாவற்றின் கூட்டுத்தொகையும் நான்கு. இரண்டு கந்தகங்களும் வெவ்வேறு என்று சோதனை சொல்லிவிட்டது. எந்த எண் என்பதை அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

பெயர்களின் கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஃபெரஸ், ஃபெரிக் என்ற வால்களுக்குப் பதில் தனிமத்தின் பெயரோடு ரோமன் எண்ணை எழுதலாம் என்று 1919-இல் ஆல்ஃப்ரெட் ஸ்டாக் முன்மொழிந்தார். (பாதரச நஞ்சால் தானே அவதிப்பட்டு அதைப் பற்றி உலகை எச்சரித்த அதே ஸ்டாக்தான்.) பன்னாட்டு வேதியியல் அமைப்பின் 1940-ஆம் ஆண்டு விதிகள் அதை ஏற்றன. இதற்கிடையே 1938-இல் கலிஃபோர்னியாவின் வெண்டெல் லாட்டிமர் எழுதிய நூல், ஆக்சிஜனேற்ற நிலை என்ற சொல்லை மின்வாய் அழுத்தங்களோடு சேர்த்து ஆங்கிலத்தில் நிலைநாட்டியது. 2016-இல் அதே பன்னாட்டு அமைப்பு வரையறையைத் திருத்தி எழுதியபோது, வெவ்வேறு அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகளை எல்லாம் அயனிப் பிணைப்பாகப் பாவித்தால் அந்த அணுவுக்கு வரும் மின்சுமை என்று சொன்னது. பாவித்தால் என்ற நிபந்தனை வரையறைக்குள்ளேயே வந்துவிட்டது.

பாவனை என்று ஒப்புக்கொண்டபின் இந்த எண்ணுக்கு என்ன வேலை, குவாண்டம் கணக்கே போதாதா என்று கேட்பவர்களுக்கு 2014-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வைக் காட்டலாம். அதுவரை சேர்மங்களில் உறுதிப்பட்ட உச்ச எண் +8. ஆஸ்மியம் டெட்ராக்சைடு பழைய உதாரணம். ஓர் இரிடியமும் நான்கு ஆக்சிஜனும் சேர்ந்த, மின்சுமை +1 உள்ள அயனியை வாயு நிலையில் உண்டாக்கிய ஆய்வாளர்கள், அதில் இரிடியம் +9 என்றார்கள். கணக்கு ஜான்சனின் கணக்குதான்: நான்கு ஆக்சிஜனுக்கு −8, மொத்தம் +1, எனவே இரிடியத்துக்கு 9. ஆனால் அந்த நான்கில் இரண்டு ஆக்சிஜன்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பெராக்சைடாக இருந்தால்? பெராக்சைடில் ஆக்சிஜனுக்கு −1 மட்டுமே. இரிடியம் +7-க்கு இறங்கிவிடும், சாதனையும் போய்விடும். அயனியின் நிறையை அளந்து பார்த்தால் இரண்டு அமைப்புகளுக்கும் ஒரே விடைதான் வரும். ஆகவே அவர்கள் அந்த அயனியோடு ஆர்கான் அணுக்களை ஒட்டி, அகச்சிவப்பு ஒளியை அதன்மேல் செலுத்தி, அதிர்வுகளைக் கணித்த அமைப்போடு ஒப்பிட்டார்கள். நான்கு ஆக்சிஜன்களும் நான்முகியின் நான்கு மூலைகளில் தனித்தனியே நின்றன. அதன்பிறகுதான் ஒன்பது என்று எழுதினார்கள். எழுதியபோதும் கட்டுரையின் தலைப்பில் அது முறைசார்ந்த எண் மட்டுமே என்ற அடைமொழியைச் சேர்த்துக்கொண்டார்கள்.